அரிசிக்கு உள்ள கணக்கு பருப்புக்கு ஏன் இல்லை?

தமிழ்நாடு உணவுத் துறை அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகளைச் சென்ற மாதக் கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். ஹீமோகுளோபின் 8.4 தான் இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்த செவிலியர், தினமும் பருப்பு, கீரை, முட்டை சேர்க்கச் சொன்னார். அங்கிருந்து நேரே ரேஷன் கடைக்குப் போனோம். அரிசி இருந்தது. பருப்பு வரவில்லை, அடுத்த மாதம் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். விற்பனையாளர் மேல் எனக்கு வருத்தமில்லை. 2024 மே மாதத்துப் பருப்பையும் பாமாயிலையும் ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று மாநிலம் முழுவதற்கும் அறிவிக்க வேண்டி வந்ததே, அது உங்களுக்கு நினைவிருக்கும். கர்ப்பிணிக்கு மே மாதம் வேண்டிய பருப்பை ஜூனில் கொடுத்து எப்படி ஈடுகட்டுவது?

சரி, பருப்பு வந்தே இருந்தாலும் எவ்வளவு வந்திருக்கும்? அட்டைக்கு ஒரு கிலோ. வீட்டில் ஒருவர் இருந்தாலும் ஆறு பேர் இருந்தாலும் அதே ஒரு கிலோதான். நாங்கள் நால்வர். நாளொன்றுக்கு வீட்டுக்கே 33 கிராம், அள்ளினால் ஒரு பிடி தேறாது. வெந்த பருப்பை மசித்து, புளி சேர்க்கும் முன்பே இரண்டு கரண்டி மாமியாருக்கு எடுத்து வைப்பேன். அவருக்குப் பல் இல்லை. மீதியில் தண்ணீர் விட்டுக் குழம்பாக்குவேன். வேலைக்குப் போகிற ஆண்களுக்கு அடியில் தங்கியதைக் கலக்கி ஊற்றினால், கடைசியில் சாப்பிட உட்காருகிற பெண்ணுக்கு மேலே தெளிந்த நீர்தான் மிஞ்சுகிறது. இப்போது மகளுக்கும் அதில்தான் பங்கு. அவள் பெயர் புகுந்த வீட்டு அட்டையில் இருக்கிறது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளைக்கு 85 கிராம் பருப்பு, பயறு வகைகள் வேண்டும் என்கிறது. நால்வருக்கு மாதம் பத்து கிலோ. அரசு தருவது ஒரு கிலோ.

உணவைச் சத்தின் அளவால் நிர்ணயிப்பது சட்டத்துக்குப் புதிய சிந்தனையும் அல்ல. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தன் இரண்டாம் அட்டவணையில், தொடக்கப்பள்ளிக் குழந்தையின் மதிய உணவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. கர்ப்பிணிக்கும் அங்கன்வாடிப் பிள்ளைக்கும் அதேபோல் அளவு உண்டு. குடும்ப அட்டைக்கு மட்டும் தானியத்தின் எடையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அரிசி ஆள்கணக்குப் பார்த்துக் கூடுகிறது, பருப்பு கூடுவதில்லை. அட்டைக்கும் ஒரு சத்தளவை நிர்ணயியுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அரிசியைக் குறை சொல்லவில்லை. 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கும் அந்த அரிசிதான் எங்கள் வீட்டுப் பசியைத் தீர்க்கிறது. செறிவூட்டிய அரிசி தருகிறோமே என்பீர்கள். நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த மணிகளைக் கலக்கிறீர்கள். அதனால் அரிசியில் புரதம் அதிகமாகிவிடாது. அந்த மணிகளையும் பிளாஸ்டிக் என்று பயந்து முறத்தில் பொறுக்கி எறியும் பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். விளக்கிச் சொல்ல எங்கள் கடையில் ஓர் அறிவிப்புத் தாள்கூட ஒட்டவில்லை. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல், 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் அது 57.4 சதவீதம், அதற்கு முந்தைய ஆய்வில் 50.7ஆக இருந்தது. பிள்ளைகளின் இரத்தம் குறைந்துகொண்டு போவதைக் காட்டும் ஆய்வைப் படித்த பிறகும், ரேஷன் பையில் என்ன இருக்க வேண்டும் என்று யாரும் யோசிக்காதது எப்படி?

நிலக்கடலையும் தேங்காயும் விளையும் மாநிலத்தில் அட்டைக்குப் பாமாயிலே கதி. தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகள் கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றிவிட்டது. முன்பு தந்த உளுத்தம்பருப்பும் நின்றுபோனது. இத்தனைக்கும் நடுவே, வெளியில் எங்களை 'இலவசத்தில் வாழ்கிறவர்கள்' என்று பேசுகிறார்கள். கிலோ முப்பது ரூபாய் கொடுத்துத்தான் அந்தப் பருப்பை வாங்குகிறோம். கூடுதலாகத் தந்தால் அதற்கும் கொடுப்போம்.

உங்களால் முடியாததைக் கேட்கவில்லை. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தரத் தொடங்கினீர்கள். வேண்டுமென்றால் அட்டைக்குத் தரும் பொருளை மாற்ற முடியும் என்று நீங்களே காட்டியிருக்கிறீர்கள். ஆகவே, பருப்பை அட்டைக்கு இவ்வளவு என்று இல்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்று நிர்ணயியுங்கள். ஒரே மாதத்தில் பத்து கிலோ ஆக்கச் சொல்லவில்லை. முதலில் ஆளுக்கு ஒரு கிலோ ஆகட்டும். கர்ப்பிணி எந்த ஊரில் தங்கியிருக்கிறாளோ அந்த ஊர்க் கடையிலேயே அவள் பங்கு தனியாகக் கிடைக்கட்டும். அந்தந்த மாதத்துப் பருப்பு அந்தந்த மாதத்தில் வரட்டும்.

சட்டப்பேரவையில் உங்கள் துறையின் அடுத்த மானியக் கோரிக்கையின்போது இதை அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரிசி அட்டை வைத்திருக்கும் ஒரு குடும்பத் தலைவி