மணல்மேட்டில் டேப்போடு வந்த அண்ணனுக்கு நன்றி

போன ஞாயிறு ஷார்ஜா பதாயர் மணல்மேட்டில் என் ரேஸ் குவாடின் (நாலு சக்கர மணல் பைக்) முன்சக்கரங்களைச் சரிசெய்து கொடுத்த அண்ணனுக்கு இந்தப் பதிவு. பெயர் கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஹேண்டில் திருப்பத்தை முன்சக்கரத்துக்குக் கடத்தும் கம்பியான டை ராடை மாற்றியதிலிருந்தே வேகம் கூடினால் ஹேண்டில் இரு பக்கமும் அலைந்தது. ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அவர் முதலில் டயர் காற்றைச் சமமாக்கி, ஹேண்டிலை நேராக வைத்துப் பட்டையால் கட்டினார். என்னை சீட்டில் உட்கார வைத்தார். ஆள் எடை ஏறினால்தான் சக்கரம் ஓடும்போது நிற்கும் நிலை தெரியும். கேம்பரை (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு) தொட்டால் டோ (இரு சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும் என்பதால் கேம்பரை முதலில் பார்த்தார்.

அப்புறம் செய்ததுதான் அருமை. இரண்டு டயரின் நடுவிலும் அச்சு உயரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு முன்னால் அளந்தார். வண்டியை உருட்டி, அதே கோடுகள் பின்னால் வந்ததும் மறுபடி அளந்தார். டயர் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கணக்கு பிசகாது. பின்பக்கத்தைவிட முன்பக்கம் 8 மி.மீ. அகலமாக இருந்தது! இரண்டு டை ராடுகளையும் சமமாகத் திருகி, முன்பக்கம் பின்பக்கத்தைவிட 5 மி.மீ. குறுகலாக இருக்கும்படி வைத்து, லாக் நட்டுகளை இறுக்கினார்.

மாலையில் முழு வேகத்திலும் ஹேண்டில் அசையவில்லை. காசு வாங்க மறுத்துவிட்டீர்கள் அண்ணா. ரொம்ப நன்றி. வரும் ஞாயிறும் அங்கேதான் இருப்பேன், டீயாவது வாங்கித் தர விடுங்கள்.