ஃபேர் ஐல் தீவுக்காரர்களுக்கும் வழியில் கைகொடுத்தவர்களுக்கும்

வணக்கம்.

இந்த இலையுதிர்காலத்தில் ஷெட்லாந்துக்கும் ஃபேர் ஐலுக்கும் பறவை பார்க்கப் போய்வந்த எங்கள் நால்வர் சார்பில் இதை எழுதுகிறேன். தீவுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் தனியாக ஒரு கடிதம் அனுப்பியாகிவிட்டது. ஆனாலும் தமிழிலும் ஒருமுறை ஊரறியச் சொல்லியாக வேண்டும் என்று மாமா பிடிவாதமாக இருக்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது, ஏனென்றால் உதவியவர்களில் தமிழ் படிக்கிறவர்களும் உண்டு, அடுத்த வருடம் அங்கே போக நினைக்கிறவர்கள் கண்ணிலும் இது படட்டும்.

முதல் நன்றி ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்து அக்காவுக்கு. நண்பரின் நண்பர் என்பதைத் தவிர எந்தப் பழக்கமும் இல்லாத எங்களை மதியம் வீட்டில் உட்கார வைத்துச் சோறு போட்டு, இரவுக் கப்பலுக்குப் புளியோதரையும் கட்டிக் கொடுத்து, துறைமுகம் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டீர்கள். மாலையில் ஏறினால் மறுநாள் காலையில்தான் ஷெட்லாந்தின் லெர்விக் துறைமுகம். வடகடல் அன்று நன்றாகவே ஆட்டியது. அந்தப் புளியோதரையை மாமா மட்டும்தான் அன்றிரவு சாப்பிட்டார், நாங்கள் மூவரும் காலையில் கரையில் இறங்கிச் சாப்பிட்டோம், அப்போதும் ருசியாகத்தான் இருந்தது அக்கா. இரவெல்லாம் எங்கள் பக்கம் எட்டிப்பார்த்து, தண்ணீரும் இஞ்சி பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கப்பல் பணியாளர் அம்மாவுக்கும் நன்றி.

ஃபேர் ஐல் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி, அதற்கும் வடக்கே ஷெட்லாந்து, இரண்டுக்கும் நடுவில் கடலில் தனியாகக் கிடக்கும் தீவு அது. நீளம் 5 கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஐம்பது பேர் அளவில்தான் வசிக்கிறார்கள். மரம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது, அதனால்தான் களைத்து வந்திறங்கும் குருவிக்கு ஒரு ரோஜாப் புதர், நாலு வரிசை முட்டைக்கோசு, ஒரு கல்சுவரின் மறைவு எல்லாமே பெரிய அடைக்கலம். செப்டம்பர் கடைசியில் ஸ்காண்டிநேவியாவுக்கு மேலே காற்றழுத்தம் உயர்ந்து கிழக்கிலிருந்து காற்று அடித்து, கூடவே மழையோ மூடுபனியோ சேர்ந்தால், சைபீரியாவிலிருந்து கிளம்பிய பறவைகள்கூட அங்கே வந்து விழும். தென்கிழக்கு ஆசியாவுக்குப் போக வேண்டிய மஞ்சள் புருவக் கதிர்க்குருவி ஏன் இத்தனை எண்ணிக்கையில் மேற்கே வருகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. வருகிறது, அவ்வளவுதான். வரும்போது அங்கே யாராவது விழித்திருக்க வேண்டும்.

விழித்திருக்கிறார்கள், 1948-லிருந்து. ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் என்பவர் இரண்டாம் உலகப்போரில் கிரீட் தீவில் பிடிபட்டு ஜெர்மானியர்களின் கைதி முகாமில் கிடந்தபோதே ஃபேர் ஐலில் ஒரு பறவை ஆய்வு நிலையம் வேண்டும் என்று திட்டம் போட்டிருக்கிறார். போர் முடிந்த பிறகு தீவையே விலைக்கு வாங்கி, கடற்படை விட்டுப்போன குடிசைகளில் நிலையத்தை ஆரம்பித்தார். 1954-ல் தீவு ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் கைக்குப் போனது. 2019 மார்ச்சில் நிலையத்தின் கட்டடம் தீப்பிடித்து முழுக்க எரிந்துவிட்டது. அப்படியும் பறவைக் கணக்கெடுப்பை அவர்கள் கைவிடவில்லை. மறுபடி கட்டி 2025-ல் திறந்திருக்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்குக் காசு கொடுத்தவர்கள், கல்லும் மரமும் கப்பலில் ஏற்றி அந்த அலையில் கொண்டுவந்து சேர்த்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, அவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு.

இப்போது, பறவைகளைப் பிடித்துக் காலில் அடையாள வளையம் பூட்டிப் பறக்கவிடும் நிலையத்தின் குழுவுக்கு. காலை உணவுக்கு முன்னால் பொறிகளைச் சுற்றிப்பார்க்கக் கிளம்புவீர்கள். புதரை மூடிக் கம்பிவலையை வாய் அகலமாகவும் போகப்போகக் குறுகலாகவும் கட்டி, கடைசியில் ஒரு பெட்டி வைத்திருக்கிறீர்கள். எங்களையும் கூட வரச் சொன்னீர்கள், எங்கே நிற்பது, எப்போது கையைத் தட்டாமல் மெதுவாக நடப்பது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். மூன்றாவது பொறியில் மாட்டியது பழுப்பாக, அடையாளம் எதுவுமில்லாத ஒரு சின்னக் குருவி. நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. உங்களில் ஒருவர் அதை இரண்டு விரலிடுக்கில் பிடித்து இறக்கையை விரித்து, வெளியிலிருந்து மூன்றாவது இறகிலும் நான்காவதிலும் ஓரம் உள்வாங்கியிருப்பதைக் காட்டினார், சாதாரண நாணல் கதிர்க்குருவிக்கு மூன்றாவதில் மட்டும்தான் அப்படி இருக்குமாம். அப்புறம் வயிற்று இறகை வாயால் ஊதி விலக்கினார். தோலுக்கு அடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரிய வேண்டிய இடம் வெறும் சிவப்பாக இருந்தது. கடலைத் தாண்டி வந்ததில் எல்லாம் தீர்ந்துவிட்டது. எடை 10 கிராம்கூட இல்லை.

பிளைத் நாணல் கதிர்க்குருவி என்று அவர் சொன்னதும் மாமாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாங்குநேரிப் பக்கம் அவர் வீட்டு வேலியில் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து பங்குனி வரை 'டக் டக்' என்று கத்திக்கொண்டே இருக்கும், ஆனால் வெளியே தலையைக் காட்டாது. எத்தனையோ வருடமாகச் சத்தத்தை மட்டும் கேட்டு வந்தவருக்கு முழுப் பறவையையும் காட்டியது நீங்கள். பின்லாந்திலிருந்து சைபீரியா வரை கூடு கட்டிவிட்டு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் குளிர்காலத்துக்கு வருகிற பறவை அது. அதன் காலில் அலுமினிய வளையம் பூட்டியதும் அதை மாமாவின் உள்ளங்கையில் வைத்துப் பறக்கவிடச் சொன்னீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அது ஒரு நொடி உட்கார்ந்திருந்துவிட்டு நேராக டர்னிப் செடிகளுக்குள் புகுந்துவிட்டது.

தீவின் பண்ணைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதுதான் இந்த மடலிலேயே முக்கியமானது. காற்று கொண்டுவருகிறது, சரி, வந்த பறவை தங்குவதும் நாங்கள் பார்ப்பதும் உங்கள் மனதைப் பொறுத்தது. உங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேரே, பைனாகுலரும் டெலஸ்கோப்பும் தூக்கிக்கொண்டு முகம் தெரியாத ஆட்கள் நிற்கிறோம். வேறு எந்த ஊராக இருந்தாலும் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள். நீங்கள் கதவைத் திறந்து, "பின்பக்கத் தோட்டத்தில் காலையில் ஏதோ ஒன்று இருந்தது, போய்ப் பாருங்கள்" என்கிறீர்கள். ஒருவர் ஓட்ஸ் பயிரில் ஒரு பட்டையை அறுக்காமல் விட்டிருந்தார். அதற்குள்தான் ஈட்டிக்கோடு போட்ட சின்னஞ்சிறு வெட்டுக்கிளிக் கதிர்க்குருவி, தமிழில் அதற்குப் பெயர் இருக்கிறதா என்று தெரியாது, லேன்ஸி என்றுதான் அங்கே எல்லோரும் சொல்கிறார்கள், எலி மாதிரி தரையோடு தரையாக ஓடி எங்கள் பூட்ஸுக்கு ஓரடி தள்ளி வந்து நின்றது. பிரிட்டனில் அந்தப் பறவையைப் பார்த்த பதிவுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தீவில்தான். அறுக்காமல் விட்ட அந்தப் பட்டைக்கு உங்களுக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் சொல்லவில்லை, நாங்கள் கேட்டும் சொல்லவில்லை.

மாமா அப்போது கூந்தன்குளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கேயும் ஊருக்குள், வீட்டு மரத்திலேயே நாரை கூடு கட்டும், நாற்றத்தையும் எச்சத்தையும் பொறுத்துக்கொண்டு, கீழே விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்துவிடுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அந்தக் கதையை ஓட்ஸ் வயல்காரர் வேலையை நிறுத்திவிட்டு, சுவரில் சாய்ந்து நின்று, குறுக்குக் கேள்வி கேட்டுக் கேட்டுக் கேட்டார். குஞ்சுக்கு என்ன மீன் கொடுப்பார்கள் என்றுகூடக் கேட்டார்.

அப்புறம் அந்த வழுக்கல். ஈரமான வேலிப்படியில் மாமா கால் வழுக்கி விழுந்தபோது, கையில் பாதி பின்னிய ஸ்வெட்டரோடு வீட்டிலிருந்து ஓடி வந்தீர்களே அம்மா, அந்தப் பின்னலை அப்படியே மழையில் சுவர்மேல் போட்டுவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்தீர்கள். உங்கள் பேரன் கார் எடுத்து வந்தான். தீவின் நர்ஸ் கணுக்காலைத் திருப்பிப் பார்த்து, எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்று சொல்லி இறுக்கிக் கட்டிவிட்டார். அதற்கு மேல் மூடுபனி இறங்கி விமானமும் வரவில்லை. பைலட்டையும் சேர்த்துப் பத்துப் பேர்கூட உட்கார முடியாத குட்டி விமானம், எதிரே எதுவும் தெரியாவிட்டால் அது கிளம்பாது, கிளம்பவும் கூடாது. எங்கள் அறை வேறு ஒருவருக்குப் போக வேண்டியிருந்தும் எங்களைத் தெருவில் விடாமல் இடம் பண்ணிக் கொடுத்தவர்களுக்கும், சைவம் என்றதும் முகம் சுளிக்காமல் தினமும் வேறு வேறு பருப்பு சூப் வைத்துக் கொடுத்த சமையல்காரருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

அந்த மூடுபனி நாட்களில் மாமாவால் நடக்க முடியாதே என்று, தினமும் இரவில் அன்று பார்த்த பறவைகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து எண்ணிக்கை கேட்கும் நேரத்தில், அவருடைய நாற்காலியை முன்வரிசையில் போட்டு வைத்தீர்கள். ஜன்னல் வழியாக அவர் எண்ணிய செவ்விறகுப் பாடும்பறவைகளையும் கணக்கில் எழுதிக்கொண்டீர்கள்.

போக நினைக்கிறவர்களுக்கு ஒன்று. கேட்டைத் திறந்தால் மூடுங்கள், பயிருக்குள் இறங்காதீர்கள், கல்சுவரின் மேல் ஏறாதீர்கள், தோட்டத்துக்குள் போகும் முன் கதவைத் தட்டிக் கேளுங்கள். தீவுக் கடையில் சாமான் வாங்குங்கள், முடிந்தால் ஒரு கம்பளித் தொப்பியும் வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் அது கையால் பின்னியது.

நர்ஸம்மாவுக்கு: மாமாவின் வீக்கம் முழுக்க வடிந்துவிட்டது, நேற்று மாடி ஏறினார். ஓட்ஸ் வயல்காரருக்கு: நீங்கள் கேட்ட கூந்தன்குளம் படங்களை ஊரில் இருக்கும் மச்சான் எடுத்து அனுப்புகிறேன் என்றிருக்கிறான், நாரைகள் வந்திறங்கியதும் தபாலில் வரும்.

அன்புடன்,
நாங்கள் நால்வர்