வீட்டு உறுதிப்பத்திரம் உன் பெயரில்தான் இருக்கிறது

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். டோஹாவுக்கு வேலைக்குத் திரும்பும் பக்கத்து வீட்டுத் தம்பியின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். தொதலும் இருக்கிறது. வாப்பாவின் சீனி வருத்தம் முன்பு போலத்தான், இனிப்பை ஒளித்துவைத்தால் தேடி எடுத்துவிடுகிறார்.

போனில் நீ எல்லாம் பேசுகிறாய். அங்குள்ள வெயில், பிள்ளைக்குப் பல் முளைத்தது, மேல் மாடியில் குழாய் ஒழுகுவது. மருமகனைப் பற்றி மட்டும் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஒரு வார்த்தை வரவில்லை. நான் எதையும் கேட்கப்போவதில்லை. பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா? பிள்ளையின் பாஸ்போர்ட்டும்? அதை மட்டும் சொல்.

போன வாரம் சாச்சியின் மகளோடு நம் விவாக வழக்குகளைக் கேட்கும் காதியிடம் போயிருந்தேன், கணவன் தரவேண்டிய தாபரிப்புப் பண வழக்குக்கு. நீ ஒருமுறை வந்து பார்த்த அதே இடம்தான். காதியின் வீட்டு முன் விறாந்தை, இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு வாங்கு. கோப்புகள் துணிக்கடைப் பைக்குள் இருந்தன. அவளுடைய கோப்பைத் தேடியெடுக்கவே நேரம் போய்விட்டது. சட்டத்தரணி வரக்கூடாது என்பது நம் முஸ்லிம் விவாகச் சட்டம் அல்லவா, அதனால் அவளே பேசினாள். ஆண்களுக்கு முன்னால், எதிரே கணவன் உட்கார்ந்திருக்க, வீட்டுக்குள் நடந்ததையெல்லாம். பாதியில் குரல் போய்விட்டது. "பொறுத்துப் போ பிள்ளை" என்றார் காதி. கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு அதைத் தவிர வேறு சொல் தெரியாது.

ஆணுக்குத் தலாக் சொல்லக் காரணம் தேவையில்லை, அறிவித்தல் கொடுத்தால் போதும். பெண் பஸ்ஹ் என்று விவாகரத்துக் கேட்டால் சாட்சி வேண்டும், காதியோடு இன்னும் மூன்று ஆண்கள் இருந்து கேட்க வேண்டும். இதை நான் உனக்குச் சொல்கிறேன் பார்! கொழும்பில் இந்தச் சட்டத்தை மாற்றக் கேட்ட பெண்களோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய் வாக்குமூலம் எழுதியவள் நீ. புத்தளத்திலிருந்து வந்து மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாய், பதினைந்து வயதுப் பிள்ளையின் கதையை எழுதிவிட்டு. வானொலியில் உன் குரல் வந்த அன்று வாப்பா சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல முற்றத்தில் நின்றார். எனக்கு எவ்வளவு பெருமை என்று அன்று நான் சொல்லவில்லை. அத்தனை பேரையும் வாய் திறக்கவைத்தவள், இன்று உம்மாவிடம் குழாய் ஒழுகுவதைச் சொல்கிறாய்.

உன் கல்யாணக் காவின் பதிந்த நாள் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. வாப்பா உன் வலியாக, உன் சார்பில், கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளை போட்டார். சாட்சிகள் போட்டார்கள். நீ உள்ளறையிலிருந்து "எனக்கு இடமில்லையா?" என்று கேட்டாய். பதிவாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார், யாரோ சிரித்தார்கள், மாமி உன்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொள்ளச் சைகை காட்டினார். உன் கல்யாணத்தின் தாளில் உன் எழுத்து இல்லை. அதன் பிரதி என்னிடம் இருக்கிறது, மாப்பிள்ளை உனக்கென்று எழுதிய மஹர் தொகையும் அதில் இருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கைக்கூலியாகக் கொடுத்ததன் கணக்கை வாப்பா தனியாக எழுதிவைத்திருக்கிறார். அதைத் திருப்பிக் கேட்க இந்தச் சட்டத்திலேயே வழி உண்டு, உனக்குத் தெரியும்.

2019-இல் நாம் சண்டை போட்டதை நீ மறந்திருக்க மாட்டாய். உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு, முகத்தை மூடத் தடை வந்த நாட்களில், நீ இந்தச் சட்டத்தை மாற்றக் கேட்கும் ஒரு மனுவை அனுப்பி என் பெயரையும் சேர்க்கச் சொன்னாய். நான் மாட்டேன் என்றேன். இன்றும் அது சரி என்றுதான் சொல்வேன். ஆஸ்பத்திரி வாசலில் என் கூட நின்ற ஒருத்தியின் தலைத்துணியையே அவிழ்க்கச் சொன்னார்கள், முகம் திறந்திருந்தும்! அந்த நேரத்தில் நம் வீட்டு அழுக்கை அவர்கள் முற்றத்தில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. பயந்தது போலவே நடந்ததா இல்லையா? "ஒரே நாடு ஒரே சட்டம்" என்று செயலணி அமைத்து, நமக்கு எதிராகப் பேசிவந்த பிக்கு ஞானசார தேரரைத் தலைவராகப் போட்டார்கள். அறிவித்தபோது அதில் ஒரு பெண்கூட இல்லை. நம் பிள்ளைகளின் கண்ணீர் அவருக்கா தேவை?

அதற்கு நீ சொன்ன பதிலும் எனக்கு மனப்பாடம். "எப்போதுதான் நேரம் வரும் உம்மா?" என்றாய். தொண்ணூறில் யுத்தம் என்றார்கள். வடக்கிலிருந்து நம் ஆட்களைப் புலிகள் ஒரே மாதத்தில் விரட்டியடித்த நேரம், காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்ட வருடம், பெண்ணுரிமை பேசினால் யார் கேட்பார்கள்? 1995-இல் மற்றச் சமூகங்களுக்குத் திருமண வயதைப் பதினெட்டு ஆக்கினார்கள், நம்மை விட்டுவிட்டார்கள். நம் 1951-ஆம் ஆண்டுச் சட்டமோ, பெண்ணுக்கு வயது பன்னிரண்டுக்குக் கீழே என்றால்தான் கல்யாணத்துக்குக் காதியின் அனுமதி வேண்டும் என்கிறது. யுத்தம் முடிந்த 2009-இல் அந்தச் சட்டத்தைத் திருத்த நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் குழு போட்டார்கள். அறிக்கை வர 2018 ஆனது, அதுவும் குழு இரண்டாகப் பிரிந்து. 2021-இல் பலதார மணத்தையும் காதி முறையையும் எடுத்துவிட அமைச்சரவை ஒப்புக்கொண்டது. அதோடு சரி.

இது அல்லாஹ்வின் சட்டம், கை வைக்காதே என்று பள்ளிவாசலில் சொல்கிறார்கள். ஒல்லாந்தர் தொகுத்ததை ஆங்கிலேயர் 1806-இல் சட்டமாக்கினார்கள், அதிலிருந்து வளர்ந்ததுதானே என்று நீ வாப்பாவிடம் வாதாடியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மலேசியாவில் ஷரீஆ நீதிமன்றத்தில் 2010-லேயே பெண் நீதிபதிகள் வந்துவிட்டார்கள், இங்கே காதியாக ஒரு பெண்ணை நியமிக்க முடியாது என்றும் சொன்னாய். வாப்பாவுக்குப் பதில் இல்லை. தேநீர் கேட்டார்.

சட்டம் மாறும்போது மாறட்டும். அதற்குக் காத்திருந்தவர்களில் பலர் கிழவிகளாகிவிட்டார்கள். ஊருக்கு நான் நேரம் பார்க்கச் சொன்னேன், உனக்குச் சொல்லவில்லை. இந்த அக்கரைப்பற்றில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீடு பெண்ணுடையது. என் உம்மா எனக்கு எழுதினார், நான் உனக்கு எழுதினேன். உறுதிப்பத்திரம் அலுமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. மேல் அறையில் குடியிருந்த டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார், வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று வாப்பாவே சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

விடுமுறைக்கு வருவதாக மருமகனிடம் சொல்லலாம். பிள்ளையைப் பாட்டன் பார்க்க ஆசைப்படுகிறார் என்று சொல், அது பொய்யும் அல்ல. டிக்கெட்டுக்குப் பணம் போடுகிறேன். சண்டை வளர்க்காதே, யாரையும் தூக்கியெறிந்து பேசாதே, நேரத்துக்குச் சாப்பிடு. நான் வீணாகக் கற்பனை செய்கிறேன் என்றால் அதையும் கோபப்படாமல் சொல். பாஸ்போர்ட்டை உன் துணிகளுக்கு நடுவில் வை.

வாட்ஸ்அப்பில் இதற்குப் பதில் எழுதாதே. சாச்சியின் இலக்கத்துக்கு எடு, அஸர் தொழுகைக்குப் பிறகு நான் அங்கேதான் இருப்பேன்.

உம்மா