மார்பின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும்

முதியோர் இல்லம் நடத்துவோருக்கு,

என் அம்மா கடைசி எட்டு மாதம் ஓர் இல்லத்தில் இருந்தார். எலும்புக்குப் பரவிய புற்றுநோய். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்பின் மாத்திரை. வலி அடங்கியது. அதற்கு இன்றும் நன்றி சொல்வேன்.

ஒரு ஞாயிறு போனபோது தட்டில் இட்லி அப்படியே இருந்தது. "வயிறு கல்லாட்டம் இருக்குடி" என்றார். ஆயாவோ, "பாட்டிக்கு ரெண்டு நாளா பேதி, நிக்கிறதுக்கு மாத்திரை குடுத்திருக்கோம்" என்றார். அது பேதியே இல்லை. பல நாளாக இறுகிக் கிடந்த மலத்தைச் சுற்றிக் கசிந்த தண்ணீர். பேதியை நிறுத்தும் மாத்திரை குடலை இன்னும் கட்டிப்போட்டது. எனிமா கொடுத்தபோது அம்மா அழுத சத்தம் வராந்தா வரை கேட்டது.

மார்பினோ டிரமடாலோ, இந்த வகை வலி மருந்துகள் குடலின் அசைவைக் குறைக்கும். உணவு மெதுவாக நகர, குடல் தண்ணீரை உறிஞ்சிவிடும். குமட்டலும் தூக்கமும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. அதனால்தான் வலி மருந்து தொடங்கும் அன்றே, டாக்டரிடம் கேட்டு, சென்னா, பிசகோடில், லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கி ஒன்றையும் தொடங்கச் சொல்கிறேன். மலச்சிக்கலுக்குப் பயந்து மார்பினை நிறுத்திவிடாதீர்கள், அது வேறு கொடுமை.

வீட்டு வைத்தியமாக இசப்கோலைக் கரைத்துக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. போதிய தண்ணீர் குடிக்காத, படுத்தே கிடக்கும் முதியவருக்கு அது குடலுக்குள் களியாகி அடைக்கலாம். வயிறு உப்பி வாந்தியும் வந்தால், மலமிளக்கி எதுவும் கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். திடீரென்று பிதற்றினாலோ சிறுநீர் போகாவிட்டாலோகூட, மலம் இறுகியிருக்கிறதா என்று வயிற்றையும் ஒருமுறை பாருங்கள்.

காலைக் காப்பி, பலகாரம் முடிந்த அரை மணிக்குள் குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தில் கழிப்பறைக்கு அழைத்துப் போய், காலுக்கடியில் ஒரு பலகை வைத்து, கதவைச் சாத்திவிடுங்கள். பெட்பானில் படுத்தபடி யாருக்குத்தான் வரும்?

அம்மாவின் பதிவேட்டில் பி.பி.க்கும் சர்க்கரைக்கும் கட்டம் இருந்தது, மலம் போனதைக் குறிக்க இல்லை. ஒரு கட்டம் போடுங்கள். மூன்று நாள் காலியாக இருந்தால் டாக்டருக்குப் போன் போகட்டும். கேட்கும்போது கூடத்தில் நின்று "பாட்டி, மோஷன் ஆச்சா?" என்று கத்தாதீர்கள். அம்மா தினமும் "ஆச்சு" என்றுதான் சொல்லியிருக்கிறார், பக்கத்துக் கட்டிலில் ஒரு தாத்தாவைப் பார்க்க ஆள் வந்துகொண்டே இருந்ததால்.

இப்படிக்கு,
ஒரு மகள்