முரளிக்கு: சனிக்கிழமை என்சிலாடா பற்றி

சான் அன்டோனியோ
செவ்வாய் இரவு

அன்புள்ள முரளி,

இங்கே எல்லோரும் நலம். சுமதி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். சின்னவனுக்குப் பல்லில் கம்பி கட்டியாகிவிட்டது, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்ற கதையெல்லாம் போனில். ரொம்ப நாளாக உனக்கு எழுதவில்லை, அதற்கும் சேர்த்து இன்று நீளமாகவே எழுதுகிறேன். காரணம் நீ செய்து பார்த்து அனுப்பிய அந்த என்சிலாடா படம், அதுதான் மெல்லிய ரொட்டியில் பூரணம் வைத்துச் சுருட்டி மிளகாய்ச் சாஸ் சேர்க்கும் மெக்சிகன் உணவு.

தட்டு நிறையச் சிவப்புக் கூழ், நடுவில் ஒரு கரண்டி! நம் ரமணி கண்ணில் பட்டிருந்தால் அந்தக் கால மெஸ் சாம்பாரோடு ஒப்பிட்டுக் கேலி செய்திருப்பான். நல்லவேளை, குரூப்பில் போடாமல் எனக்கு மட்டும் அனுப்பினாய். அனு பட்டம் வாங்கியதைக் கொண்டாடச் சனிக்கிழமை பதினைந்து பேர் வருகிறார்கள், அதற்குள் இது சரியாக வருமா என்று கேட்டிருக்கிறாய். கட்டாயம் வரும். எதை எப்படிச் செய்தாய் என்று வரிசையாக எழுதியிருந்தாயே, அதிலேயே பதில் இருக்கிறது.

சுக்கினிக் காயையும் (வெள்ளரி மாதிரி இருக்குமே) காளானையும் பச்சையாகவே கோழியோடு கலந்திருக்கிறாய். டோர்ட்டியா ரொட்டியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்த கையோடு சுருட்டியிருக்கிறாய். நீர்த்த டப்பா சாஸை மேலே ஊற்றி, அலுமினியத் தாளால் இறுக்கி மூடி, முக்கால் மணி நேரம் அவனில் (oven) வைத்திருக்கிறாய். இதில் ஒவ்வொன்றும் தண்ணீரைக் கூட்டுகிற வேலை, அல்லது இருக்கிற தண்ணீரை வெளியே விடாத வேலை. நாலும் சேர்ந்தால் டோர்ட்டியா கரையாமல் என்ன செய்யும்?

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள். மெக்சிகோவில் பெரும்பாலான என்சிலாடா அவன் பக்கமே போவதில்லை. டோர்ட்டியாவை மிளகாய்ச் சாற்றில் முக்கி, எண்ணெயில் புரட்டி, உள்ளே எதையாவது வைத்து மடித்து உடனே தட்டில் வைத்துவிடுகிறார்கள். சில ஊரில் முதலில் எண்ணெய், பிறகு சாறு. மேலே சீஸ் உருக அவனில் வைப்பது சுயிசாஸ் என்கிற பச்சை சாஸ் வகை. இங்கே டெக்சாஸ்காரர்களும் அவனில்தான் முடிக்கிறார்கள். எப்படியானாலும் அவனுக்கு உள்ள வேலை சீஸை உருக்கி எல்லாவற்றையும் ஒன்றாகச் சூடேற்றுவது மட்டும். வேக வேண்டியதெல்லாம் அதற்கு முன்பே வெந்திருக்க வேண்டும், வற்ற வேண்டியதெல்லாம் வற்றியிருக்க வேண்டும்.

உன் ஆபீஸ் நண்பர் காய்கறி போட்டால் அது என்சிலாடாவே இல்லை என்றாராமே. மெக்சிகோவின் மொரேலியா ஊருக்குப் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். அங்கே ஊர்ச் சதுக்கத்தில் விற்கும் என்சிலாடாவுக்குப் பக்கத்தில் பொரித்த கோழியும், அதே மிளகாய்ச் சாற்றில் புரட்டிய உருளைக்கிழங்கும் கேரட்டும் வைத்துத்தான் தருவார்கள். குவனஹுவாத்தோவின் சுரங்கத் தொழிலாளர் பெயர் கொண்ட மினேராஸ் வகையிலும் உருளையும் கேரட்டும் உண்டு. கோழியும் காயும் சேர்வது அங்கே பழைய வழக்கம். நீ தைரியமாகச் செய்.

இனி சாஸ். இதில்தான் பாதி ருசி, அதனால் விரிவாக எழுதுகிறேன். ஒரு தட்டுக்கு, அதாவது 9க்கு 13 அங்குலத் தட்டில் 12 என்சிலாடாவுக்கு, குவஹீயோ மிளகாய் 8, ஆன்சோ மிளகாய் 3. இரண்டும் மெக்சிகன் காய்ந்த மிளகாய். குவஹீயோ நிறத்துக்கு, ஆன்சோ இனிப்புக்கும் கெட்டித்தன்மைக்கும். காம்பைக் கிள்ளி, நீளவாக்கில் கத்தரித்து, விதையை உதறிவிடு. தோசைக்கல்லை மிதமான சூட்டில் வைத்து ஒவ்வொன்றையும் தட்டையாக அழுத்தி, பக்கத்துக்குப் பதினைந்து இருபது வினாடி மட்டும் வாட்டு. தோல் லேசாக உப்பி நிறம் மாறும், உலர்ந்த திராட்சையும் புகையிலையும் கலந்த ஒரு வாசம் எழும்பும். அந்த வாசம் வந்ததும் எடுத்துவிடு. கறுத்துவிட்டால் அந்த மிளகாயைத் தூக்கிப் போடு, மனசு கேட்காமல் சேர்த்தாயானால் மொத்த சாஸும் கசக்கும், சர்க்கரை போட்டாலும் அந்தக் கசப்பு போகாது.

வாட்டிய மிளகாயைக் கொதிநீரில் இருபது நிமிடம் ஊற வை. ஊறிய நீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார், கசந்தால் கொட்டிவிடு. மிளகாயோடு பூண்டு 3 பல், கால் வெங்காயம், அரை தேக்கரண்டி சீரகம், அரை தேக்கரண்டி மெக்சிகன் ஓரெகானோ, கோழி வேகவைத்த சாறு இரண்டரை கப் சேர்த்து நைஸாக அரை. கட்டாயம் வடிகட்டு. குவஹீயோவின் தோல் எவ்வளவு அரைத்தாலும் மசியாது, வாயில் தாள் மாதிரி தட்டுப்படும். பிறகு அகலமான சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் வடித்ததை ஊற்று. சுர்ரென்று தெறிக்கும், தள்ளி நில். மிதமான தீயில் எட்டுப் பத்து நிமிடம் கிளறிக்கொண்டே இரு. செங்கல் நிறம் ஆழ்ந்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கரண்டியின் பின்பக்கம் விரலால் கோடு கிழித்தால் அந்தக் கோடு மூடாமல் நின்றால் இறக்கலாம். இந்த வதக்கலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் பச்சை வாடை போகாது, சாஸும் நீர்த்தே இருக்கும்.

உங்கள் ஊரில் குவஹீயோ கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாயோ பேடகியோ போடு. நிறமும் காரமும் ஏறக்குறைய அப்படித்தான். ஆன்சோவின் இனிப்பு வராது, ஒரு தேக்கரண்டி தக்காளி விழுது அதை ஓரளவு ஈடுகட்டும். போர்த்துகீசியர் நம் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்த மிளகாயின் பூர்வீகமே அந்தப் பக்கம்தானே, ஒட்டாமல் எங்கே போகும். குண்டூர் மட்டும் வேண்டாம். ஒரு தட்டு சாஸுக்கு இத்தனை குண்டூர் போட்டால் விருந்தாளிகள் தண்ணீர்க் குழாயடியில்தான் நிற்பார்கள்.

டப்பா சாஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதில் விளையாட்டு இல்லை. போன தடவை டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார் என்று எழுதினாய், அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. டப்பாவின் பின்னால் சோடியம் வரியைப் படித்துப் பார். அதற்கு மேல் சீஸில் உள்ள உப்பு, கோழியில் போடுகிற உப்பு. வீட்டில் சாஸ் செய்தால் உப்பு உன் கையில் இருக்கும். சாறு வேகவைக்கும்போது உப்பே போடாதே, சாஸ் வற்றிய பிறகு ருசி பார்த்துக் கடைசியில் போடு. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? அடுத்த கடிதத்தில் இதற்கு மட்டும் ஒரு வரி தனியாக எழுது. கீதாவிடம் கேட்டுச் சரிபார்ப்பேன்.

கோழிக்கு எலும்பில்லாத தொடைக்கறி அரை கிலோ. நெஞ்சுக்கறி அவனில் மறுபடி சூடேறும்போது வறண்டு நாராகிவிடும், தொடை தாங்கும். அரை வெங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒரு பிரியாணி இலையோடு மூழ்கத் தண்ணீர் விட்டு, கொதி வந்ததும் தீயைத் தணித்து இருபது நிமிடம். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் தொட்டிருக்க வேண்டும். ஆறியதும் பிய்த்து வை, சாற்றைக் கொட்டிவிடாதே, சாஸுக்கு அதுதான் வேண்டும். பிய்த்த கோழி இரண்டு கப் தேறும்.

காய் ஒன்றரை கப் போதும், அதுவும் வதங்கிய பிறகு அளந்தது. சுக்கினி ஒன்று, பொப்லானோ என்கிற பெரிய பச்சை மிளகாய் ஒன்று, காளான் ஒரு கைப்பிடி, மக்காச்சோள மணி அரை கப். பொப்லானோவை நேரே தீயில் காட்டித் தோல் கறுத்ததும் மூடி வைத்து உரித்துவிடு. சுக்கினியையும் காளானையும் தனித்தனியாக, அகலச் சட்டியில் முழுத் தீயில் வதக்கு. உப்பை முதலில் போட்டால் தண்ணீர் விட்டு அவிந்துபோகும், ஓரம் பழுப்பான பிறகு போடு. சட்டியில் சலசலப்பு அடங்கி வறுபடும் சத்தம் வரும்வரை இறக்காதே. பசலைக் கீரை போடுவதானால் வதக்கித் துணியில் முறுக்கிப் பிழி. உருளையும் கேரட்டும் ஒரு சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி முக்கால் பதம் வேகவைத்து வடித்தால் போதும், அவை தண்ணீர் விடாது. முதல் தடவைக்கு நான் உருளை, கேரட் பக்கம்தான். கோழியையும் காயையும் கலந்து, அரை கப் சாஸ் மட்டும் ஊற்றிப் பிசறு, அதற்கு மேல் வேண்டாம்.

டோர்ட்டியா ஆறு அங்குல மக்காச்சோள டோர்ட்டியாவாக இருக்கட்டும். கோதுமை டோர்ட்டியா சாஸில் நனைந்தால் மாவுப் பசையாகிவிடும். நம் கடை மக்காச்சோள மாவில் தட்டிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய், அது உதிர்ந்துவிடும். டோர்ட்டியா மாவுக்கு மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறப்போட்டு அரைக்கிறார்கள். அதனால்தான் தோல் கழன்று மாவு ஒட்டிப் பிடிக்கிறது. அந்தச் சுண்ணாம்பு இன்னொன்றும் செய்கிறது, சோளத்தில் அடைபட்டிருக்கும் நயாசின் என்கிற வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவிக்கிறது. சோளத்தை வாங்கிக்கொண்டு இந்த முறையை விட்டுவிட்ட வட இத்தாலியிலும் அமெரிக்கத் தெற்கிலும், சோளத்தையே நம்பிப் பிழைத்த ஏழைகள் அந்த நயாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். மெக்சிகோவில் பாட்டிமார் அந்தச் சுண்ணாம்பை ஒரு தலைமுறைகூட விடவில்லை. எனக்கு இதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது, முரளி. வீட்டிலேயே தட்டுவதானால் இந்தச் சுண்ணாம்பு முறையில் செய்த மாவை மாசா ஹரினா என்று கேட்டு வாங்கு, இரண்டு கப்புக்கு ஒன்றரை கப் வெதுவெதுப்பான நீர்.

கடை டோர்ட்டியாவைச் சுருட்டும் முன் எண்ணெயில் காட்டுவதுதான் நீ விட்ட முக்கியமான படி. சிறு சட்டியில் கால் கப் எண்ணெய், மிதமான சூடு. டோர்ட்டியாவை இறக்கியதும் ஓரம் முழுக்கச் சின்னக் குமிழி கிளம்ப வேண்டும். ஐந்தாறு வினாடியில் திருப்பு, இன்னொரு ஐந்தாறு வினாடியில் எடு. இடுக்கியில் தூக்கும்போது இரண்டு பக்கமும் ஈரத்துணி போலத் தொங்க வேண்டும். விறைத்து நின்றால் நேரம் கூடிவிட்டது, சுருட்டும்போது நொறுங்கும். இந்த எண்ணெய்ப் பூச்சுதான் சாஸின் ஈரம் உள்ளே இறங்காமல் தடுக்கிறது. எண்ணெய் அதிகம் என்று பயந்தால் இரண்டு பக்கமும் தடவி, அவனில் மூன்று நான்கு நிமிடம் வைத்து எடு. முழுப்பலன் இல்லை, முக்கால் பலன்.

பிறகு ஒவ்வொன்றையும் சாஸில் முக்கி, நடுவில் நான்கு மேசைக்கரண்டி பூரணம் வைத்துச் சுருட்டி, அரை கப் சாஸ் பரப்பிய தட்டில் மடிப்பு கீழே இருக்கும்படி நெருக்கி அடுக்கு. மிச்ச சாஸை நடுவாக்கில் ஊற்று, இரண்டு ஓரமும் கொஞ்சம் வெளியே தெரியட்டும், அங்கேதான் மொறுமொறுப்பு வரும். மேலே 200 கிராம் மான்டெரே ஜாக் அல்லது ஒஹாக்கா சீஸ், நீயே துருவியது. துருவி விற்கும் பாக்கெட் சீஸில் ஒட்டாமல் இருக்க மாவுப்பொருள் கலந்திருப்பார்கள், வழவழப்பாக உருகாது. 190 டிகிரி செல்சியஸ், மூடாமல், பதினைந்திலிருந்து இருபது நிமிடம். சீஸ் குமிழியிட்டதும் வெளியே எடுத்து ஐந்து நிமிடம் விட்டுவிட்டுப் பரிமாறு. புளித்த கிரீம், வெங்காய வளையம், கொத்தமல்லி, முள்ளங்கி எல்லாம் பரிமாறும்போது மேலே.

லலிதா அத்தை வருகிறார் என்றாயே. அவருக்குத் தனித் தட்டு, தனி சாஸ். பூரணத்தை மட்டும் சைவமாக்கிவிட்டு அதே சாஸை ஊற்றிவிடாதே, அதில் கோழிச் சாறு இருக்கிறது. எத்தனை வருஷ விரதம் அவருக்கு! முதலில் அத்தையின் சாஸைக் காய் வேகவைத்த நீரில் செய்து எடுத்து வைத்துவிடு. கோழிக்குப் பதில் கறுப்பு பீன்ஸ் ஒன்றரை கப், அதில் பாதியை மசித்தால் பூரணம் ஒட்டிப் பிடிக்கும். டோர்ட்டியா காட்டும் எண்ணெயிலும் இடுக்கியிலும் அத்தையினுடையதுதான் முதல்.

பதினைந்து பேருக்கு, பக்கத்தில் சோறும் பீன்ஸும் இருந்தால், மூன்று தட்டு தாராளம். வியாழக்கிழமை சாஸ், வெள்ளிக்கிழமை பூரணம், இரண்டும் ஆறியவுடன் ஃப்ரிட்ஜில். சனிக்கிழமை எண்ணெயில் காட்டிச் சுருட்டுவது மட்டும். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது, சாஸ் வேலையைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளாதே. சாஸ் ஊற்றிய தட்டை மணிக்கணக்கில் காக்க வைக்காதே, ஊறிப்போகும். சுருட்டி அடுக்கிய தட்டை ஈரத்துணியால் மூடி வை, சாஸையும் சீஸையும் அவனுக்குப் போகும்போது போடு. பூரணம் குளிர்ந்திருப்பதால் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும், ஒன்றைப் பிளந்து நடுவில் ஆவி வருகிறதா என்று பார். இரண்டு தட்டை ஒரே நேரத்தில் மேல் அடுக்கிலும் கீழ் அடுக்கிலும் வைத்து, பாதியில் இடம் மாற்று. மூன்றாவது, முதல் இரண்டு மேசைக்குப் போன பிறகு. மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விடட்டும்.

உங்கள் ஊர் மெக்சிகன் கடையில் ஆன்சோ இருக்கிறதா என்று நாளைக்கே பார். வாங்கும்போது வளைத்துப் பார், வளைந்தால் புதுசு, உடைந்தால் பழசு. இல்லையென்றால் உடனே போன் பண்ணு, புதன்கிழமைக்குள் சொன்னால் இங்கிருந்து அனுப்பிவிடலாம். அனுவுக்கு என் ஆசி, கீதாவுக்கு விசாரிப்பு. மாத்திரை வரி மறக்காதே.

அன்புடன்,
சேகர்