தொழில் என்ற கட்டத்தில் கூலி என்று எழுதாதீர்கள்

கொங்கு மண்டலத்தில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை ஆராயும் மருத்துவர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

என் அப்பா திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் 24 ஆண்டுகள் வேலை பார்த்தவர். சாயப்பொடியை வெறுங்கையால் அள்ளிக் கரைப்பார். வீடு திரும்பும்போது அன்றைய நிறம் நகக்கண்ணில் இருக்கும். வலியே இல்லாமல் சிறுநீர் சிவப்பாகப் போனபோது, உடம்புச் சூடு என்று இளநீரும் வெந்தயமும் கொடுத்தோம். இரண்டு நாளில் நின்றுவிட்டது; குணமாகிவிட்டது என்று நம்பினோம். எட்டு மாதம் கழித்து சிறுநீர்ப்பைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி செய்தபோது கட்டி தசைக்குள் இறங்கியிருந்தது.

அவருடைய கேஸ் ஷீட் இன்னும் என்னிடம் இருக்கிறது. பீடியைப் பற்றி மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார்கள். தொழில் என்ற கட்டத்தில் ஒரே சொல்: கூலி.

பீடியைக் கேட்டது சரிதான். இந்நோய்க்கு முதல் காரணம் புகையிலை. ஆனால் புகையிலைப் புகையில் உள்ள அரோமாட்டிக் அமீன்கள் என்ற நச்சு வேதிப்பொருள்களின் இனத்தைச் சேர்ந்ததுதான் பென்சிடினும். அதைக் கொண்டு செய்த சாயம் உடம்புக்குள் போனால் மறுபடி பென்சிடினாகவே பிரியும். சாயம் தயாரித்த தொழிலாளர்களிடம் இந்த நோயை ஜெர்மன் மருத்துவர் லுட்விக் ரேன் கண்டு சொன்னது 1895-இல். அப்பாவுக்கு எதனால் வந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. யாருமே சொல்ல முடியாதபடி அந்த ஒரு சொல் செய்துவிட்டது.

நீங்கள் கட்டியில், இந்த நோயில் அடிக்கடி மாறிப்போகும் எஃப்.ஜி.எஃப்.ஆர்.3, டி.பி.53 மரபணுக்களைப் பார்க்கிறீர்கள். அமீன் நஞ்சை முறிக்கும் என்.ஏ.டி.2 என்ற நொதி ஒருவருக்கு மெதுவாக வேலை செய்கிறதா என்றும் பார்க்க முடியும். ஆனால் அவர் அந்த நஞ்சோடு எத்தனை ஆண்டு புழங்கினார் என்று தெரியாமல் அந்த விடையை எதோடு பொருத்துவீர்கள்?

இப்போதைய வேலையை மட்டும் கேட்டாலும் போதாது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டபோது எங்கள் ஆட்கள் சிதறிப் போனார்கள். அன்று சாயம் கரைத்தவர் இன்று வாட்ச்மேன், இன்னொருவர் தறி ஓட்டுகிறார். நோயோ இருபது, முப்பது ஆண்டு கழித்தும் வரும். எந்தப் பட்டறை, என்ன சாயம், எந்த ஆண்டிலிருந்து எதுவரை என்று பொறுமையாகக் கேளுங்கள். சாயத்தின் பெயர் தெரியாவிட்டாலும் டப்பாவின் நிறத்தைச் சொல்வார்கள்.

ஈரானின் கோலெஸ்தான் பகுதியில் சேமித்து வைத்திருந்த சிறுநீரில், நோய் கண்டறியப்படுவதற்குப் பத்து ஆண்டு முன்பே, இந்தப் புற்றுநோயில் அடிக்கடி காணப்படும் டெர்ட் மரபணு மாற்றம் சிலரிடம் தெரிந்ததாக 2020-இல் ஆய்வு வெளிவந்தது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கேயும் அப்படிச் சிறுநீரைச் சேமிக்க வேண்டும், நோய் வந்தவர்களிடம் மட்டுமல்ல, வராதவர்களிடமும்.

அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் பதினாறு பேர் வீரபாண்டி, மங்கலம் பக்கம் இருக்கிறார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசிவிட்டேன். உங்கள் நெறிமுறைக் குழு அனுமதித்தால் சிறுநீர் மாதிரி கொடுக்கச் சம்மதம் என்கிறார்கள். பட்டறை வாரியாக அவர்களுடைய வேலை ஆண்டுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோராலும் வர முடியும். எங்கே வர வேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சாயப்பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகள்,
திருப்பூர்