விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு வரும் குச்சிப்பூச்சிகள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் சனிக்கிழமைப் பள்ளியின் மூன்றாம் வகுப்புக் குச்சிப்பூச்சிகளை (stick insects) வாரநாட்களில் வகுப்பாசிரியைதான் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். ஆகஸ்டில் அவர் ஊருக்குப் போகிறார். பிள்ளைகளோ "எங்கள் வீட்டுக்குத் தாருங்கள்" என்று சனிக்கிழமை தவறாமல் கேட்கிறார்கள். சரி, கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

லண்டனில் 'இந்தியக் குச்சிப்பூச்சி' என்று சொல்லப்படும் இதன் சொந்த ஊர் பழனி மலை, கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூர்ப் பக்கம். 1901இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். தாத்தா பாட்டிக்கு யாழ்ப்பாணமோ மதுரையோ இருப்பது போல இதற்கும் ஓர் ஊர் உண்டு என்று தெரிந்ததிலிருந்து பிள்ளைகளுக்கு இதன்மேல் தனி ஒட்டுதல்.

உணவுக்குப் பிளாக்பெர்ரி முட்செடியின் இலையே போதும். ஐவிக் கொடி, பிரிவெட் வேலிச்செடி இவற்றின் இலையும் தின்னும். மருந்தடித்த இலை மட்டும் வேண்டாம். மாலையில் இலைமேல் தண்ணீர் தெளியுங்கள், அந்தத் துளிகளைத்தான் குடிக்கும். கிளையை ஜாடித் தண்ணீரில் வைத்தால் ஜாடியின் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள். போன ஆண்டு நாங்கள் அதைக் கவனிக்காததால் ஐந்து குஞ்சுகள் மூழ்கிப்போயின. அன்று பிள்ளைகள் அழுத அழுகை இன்னும் என் மனதில் இருக்கிறது.

தோல் உரிக்கும்போது தொடவே கூடாது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, பழைய சட்டைக்குள்ளிருந்து மெல்ல வழுக்கி இறங்கும். புதுக் கால்கள் அப்போது நனைந்த நூல் மாதிரி துவளும். எதிலாவது இடித்தால் வளைந்தே போய்விடும். வளர்ந்த பூச்சி பத்து சென்டிமீட்டர் வரை இருக்கும் என்பதால் பெட்டிக்கு 30 சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். உரித்த தோலை அதுவே தின்றுவிடும், பயப்படாதீர்கள். எனக்குத் தெரிந்து ஒரு பிள்ளை பார்க்க வேண்டிய காட்சி இது. இரவில் நடந்தால் எழுப்பியாவது காட்டுங்கள்.

என் கவலையெல்லாம் முட்டைதான். ஆண் பூச்சி இல்லாமலே ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் இடும். பழுப்பாக, கடுகு போல, ஒரு முனையில் சின்னக் குமிழோடு, எச்சத்தோடு எச்சமாகக் கிடக்கும். பெட்டியைத் துடைத்த குப்பையைத் தோட்டத்தில் கொட்டிவிடாதீர்கள். பையில் கட்டி, இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்த பிறகே குப்பைத்தொட்டியில் போடுங்கள். இந்த மண்ணுக்கு உரியதல்லாத உயிரை வெளியே விடுவது பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவுயிர் சட்டப்படி குற்றம். பாவம் பார்த்துக்கூட வேலியில் விட வேண்டாம். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எந்த நாளிலும் எனக்குச் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

விடுமுறையில் வெளியூர் போகிறவர்கள் இந்த முறை விட்டுக்கொடுங்கள். மற்றவர்கள் வரும் சனிக்கிழமை வகுப்பாசிரியையிடம் பெயர் கொடுக்கலாம். வீட்டுக்கு மூன்று பூச்சிகள். பெட்டியும் முதல் வாரத்துக்கான இலையும் நாங்கள் தருவோம். அப்புறம் இலை பறிக்கப் போகும்போது பிள்ளைகளுக்குக் கையுறை போட்டுவிடுங்கள், அந்த முள் பொல்லாதது.

அன்புடன்,
தலைமையாசிரியை